கால் அங்குலத் துளை

புல்லட்டின் டைமிங் கவரை மூடிக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் இறுகி நிற்க வேண்டிய ஸ்க்ரூ இறுகவில்லை. வெண்ணெயில் திருகியதுபோல் சும்மா சுற்றியது. கழற்றிப் பார்த்தால், அதன் மரைப் பள்ளமெல்லாம் அலுமினியம் வெள்ளிச் சுருளாக ஒட்டியிருந்தது. துளைக்குள் இருந்த மரைதான் அது.

வண்டி அப்பாவுடையது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆவடித் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். "முதல் நாலு சுத்து விரல்லயே போகணும்டா, டிரைவரை அப்புறமா எடு" என்பார். அன்றும் விரலால்தான் ஏற்றினேன். தடையே இல்லாமல் போனது. கொஞ்சம் ஆடவும் செய்தது; அந்த ஆட்டத்தை நான் மதிக்கவில்லை.

பிட்ச் கேஜை வைத்துப் பார்த்ததும் விளங்கியது. புல்லட் இங்கிலாந்து வண்டி. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது அங்குல மரைகளும் கூடவே வந்தன. அந்தத் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. தொலைந்துபோன ஸ்க்ரூவுக்குப் பதில் நான் வாங்கிப் போட்டது எம்6, அதாவது ஆறு மில்லிமீட்டர் மெட்ரிக் ஸ்க்ரூ. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். 26 மரை என்றால் மரைக்கு மரை 0.977 மில்லிமீட்டர், எம்6-க்கு சரியாக 1. இந்த நெருக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது. சிறியது பெரியதற்குள் சமர்த்தாக ஏறிவிடும். ஆனால் அலுமினியப் பல்லின் தடித்த அடிப்பகுதி வரை அது எட்டாது. மெலிந்த நுனிப்பக்கமே சுமையைத் தாங்கும். இறுக்கினால் வழித்துக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. இறுகிய போல்ட் இழுபட்டு நிற்கும் ஸ்பிரிங் மாதிரி. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அந்த இழுவைக்குப் போகிறது, மற்றதெல்லாம் உரசலில் தீர்கிறது. ஆயில் பட்ட மரையில் உரசல் குறைவு. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவையே அதில் கொடுத்தால் இழுவை எகிறிவிடும். ஆயில் வழியும் கவரில் இதைத் தினமும் மறக்கிறோம்.

அம்பத்தூர் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் புஷ் போட்டுத் தருவார்கள், நன்றாகவே செய்வார்கள். ஆனால் இந்தத் துளையைச் சுற்றி இருக்கும் உலோகம் மெலிசு. புஷ்ஷுக்கு அகலமாகக் குடைய எனக்கு மனம் வரவில்லை. ஹெலிகாயில் என்னும் எஃகுக் கம்பிச் சுருள் மரையைப் போட்டேன். எம்6 ஹெலிகாயிலுக்கு 6.3 டிரில் வேண்டும். மரை போன கால் அங்குலத் துளை கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும், அதனால் சும்மா துப்புரவாக்கினால் போதும். அதற்கான மரை வெட்டும் டேப்பில் எம்6 என்று எழுதியிருந்தாலும் அது சாதாரண எம்6 டேப் இல்லை. கம்பிச் சுருளின் தடிமனுக்கும் சேர்த்துப் பெரிதாக வெட்டும். இது தெரியாமல் வேறு டேப்பை விட்டால் சுருள் உட்காராது.

உள்ளே துணி அடைத்து, டிரில்லில் ஆழத்துக்கு அடையாளமாக ஒட்டுநாடா சுற்றிக்கொண்டேன். வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பினேன், சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளட்டும் என்று. இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஒவ்வொரு முறை பின்னே திருப்பும்போதும் 'நறுக்' என்று சீவல் ஒடிவது விரலுக்குத் தெரியும். அந்த நறுக் கேட்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும், டேப் உள்ளே முறிந்தால் கவர் பிரச்சினை எஞ்சின் கேஸ் பிரச்சினையாகிவிடும். சுருளை மேல்மட்டத்துக்கு அரை மரை கீழே இறக்கி, அதன் வால் கம்பியை ஒடித்து இடுக்கியால் எடுத்தேன்.

அதே எம்6 ஸ்க்ரூ விரலிலேயே கடைசி வரை போனது. ஆடவில்லை. எஃகுச் சுருளைப் பிடித்திருப்பதால் பழைய அலுமினிய மரையைவிட இது உறுதி.

ஆனால் இப்போது அந்தக் கவரைப் பிடிக்கும் துளைகளில் ஒன்று மட்டும் மெட்ரிக், மற்றவை அங்குலம். நாளைக்கு வேறு யாராவது ஸ்க்ரூக்களைக் கலந்து போடலாம். அந்த ஸ்க்ரூவின் தலையிலும் துளைக்குப் பக்கத்திலும் சென்டர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளி குத்திவைத்தேன். அப்பாவின் ஆயில் கறை படிந்த நோட்டில், அவர் கையெழுத்துக்குக் கீழே, எது எம்6 என்று படம் வரைந்து எழுதினேன்.