காவல் மனையில் ஒரு பள்ளி

சென்ற தைத் திங்களில், முன்னர் என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் என் இல்லத்திற்கு வந்தான். "ஐயா, வெளிநாடு சென்று ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறேன். கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுவிட்டேன். கற்பித்த பழக்கமும் இல்லை. என்னால் இயலுமா?" என்று வினவினான். தமிழாசிரியனாகிய என்னிடம் இதனைக் கேட்கிறானே என்று முதலில் நகைத்தேன். பின்னர், எப்போதோ படித்த வரலாறு ஒன்று நினைவிற்கு வந்தது. அதனை அவனுக்குக் கூறினேன்.

1824ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ரானல்டு மக்டொனால்டு என்பவன் பிறந்தான். அவன் தந்தை ஸ்காத்லாந்து நாட்டினர்; தாய், சினூக்கு என்னும் பழங்குடியின் தலைவர் மகள். வங்கியில் எழுத்தனாக அமர்ந்த அவன், அத்தொழிலில் மனம் பொருந்தாமல் கப்பலேறினான். அக்காலத்தில் ஜப்பான் அயல்நாட்டார்க்குத் தன் வாயிலை அடைத்திருந்தது. ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மட்டுமே, அதுவும் நாகசாகித் துறையில் மட்டுமே, வணிகம் செய்ய இசைவு பெற்றிருந்தனர். எனினும் அந்நாட்டைக் காணும் வேட்கை அவனை விடவில்லை. 1848ஆம் ஆண்டில், திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து ஒரு சிறு படகில் தனியே பிரிந்து சென்றான். கடலில் இடருற்றுக் கரை ஒதுங்கியவன் போல ரிஷிரித் தீவை அடைந்தான்.

ஜப்பானிய அதிகாரிகள் அவனைக் காவலில் வைத்து நாகசாகிக்கு அனுப்பினர். அங்கே, பௌத்தக் கோயிலைச் சார்ந்த சிறு மனை ஒன்றில் அவன் அடைபட்டிருந்தான். அந்த இடமே பள்ளியாயிற்று! ஆங்கிலம் பேசுவோரின் கப்பல்கள் தம் கடலில் நடமாடுவதை ஜப்பானியர் கண்டிருந்தனர். ஆதலின், ஒல்லாந்தரின் டச்சு மொழியில் வல்ல அரசு மொழிபெயர்ப்பாளர் 14 பேர் அவனிடம் பயில வந்தனர்.

அவனிடம் பட்டம் இல்லை, பயிற்சி இல்லை. அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆங்கிலம் படிப்பர். அவன் ஒலிப்பைத் திருத்துவான். தான் அறிந்த சிறிதளவு ஜப்பானிய மொழியில் பொருள் உரைப்பான். ஆங்கில லகரம் அவர்கள் நாவில் ரகரமாகவே ஒலித்தது. அந்த இடர்ப்பாட்டை அவன் கூர்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டான். ஆயினும், அவர்களுடைய அறிவுக் கூர்மையைப் பாராட்டியே எழுதினான். அவர்கள் மொழியைத் தானும் கற்று, ஒரு சொற்பட்டியல் தொகுத்தான். ஆசிரியனே மாணவனும் ஆனான்!

1849 ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அவனை மீட்டுச் சென்றது. அவன் கற்பித்தது சில திங்களே. எனினும் அவனிடம் பயின்ற மொரியாமா என்பவர், 1854இல் ஜப்பான் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்தபோது மொழிபெயர்ப்பாளராக விளங்கினார்.

இதனைக் கூறி முடித்தபோது என் குரல் தழுதழுத்தது. காரணம் உண்டு. நன்னூல் கூறும் ஆசிரியர் இலக்கணத்தை நான் தடையின்றி ஒப்பிப்பேன். நிலத்தின் பொறுமை ஆசிரியனுக்கு வேண்டும் என்று ஆண்டுதோறும் கற்பித்தும் வந்தேன். ஆயினும் ஒரு நாள், மாணவன் ஒருவன் 'பழம்' என்பதைப் 'பளம்' என்று படித்தபோது, வகுப்பே நகைக்கும்படி அவனை எள்ளினேன். அவ்வாண்டு முழுவதும் அவன் வாய்விட்டுப் படிக்கவே இல்லை. அப்போது என்னிடம் புலவர் பட்டமும் இருந்தது. முப்பதாண்டுப் பழக்கமும் இருந்தது. கேட்கும் செவிதான் இல்லை. அன்று நான் எள்ளிய மாணவன்தான், இன்று என் முன் அமர்ந்திருந்த இளைஞன்.

"தம்பி, அன்று நான் செய்தது பிழை" என்றேன். அவன் தலை குனிந்து, "அந்நாளைத் தாங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள் என்று நான் எண்ணவில்லை, ஐயா" என்றான்.

மக்டொனால்டு சென்ற வழி இன்று செல்லத்தக்கதன்று. ஜப்பான், தென்கொரியா முதலிய நாடுகளில் ஆங்கில ஆசிரியர் பணிக்குப் பொதுவாகப் பட்டம் வேண்டும். முறையான இசைவும் வேண்டும். ஆகவே, விட்ட படிப்பை முடிக்குமாறு அவனுக்கு அறிவுரை கூறினேன். "அதுவரை உன் தெருச் சிறுவர்க்குக் கற்பித்துப் பழகு. அவர்கள் தவறும் இடத்தில் நகையாதே, ஏன் தவறுகிறார்கள் என்று கேள்" என்றேன்.

இப்போது அவன் மாலைதோறும் தன் வீட்டுத் திண்ணையில் சிறுவர் நால்வர்க்கு ஆங்கிலம் கற்பிக்கிறான். விட்ட படிப்பையும் தொடர்கிறான். மாணவர்களே, வெளிநாட்டு வாயிலைத் திறக்கப் பட்டம் வேண்டும். மாணவன் நெஞ்சின் வாயிலைத் திறக்க வேண்டுவது பொறுமை. முன்னதை அவன் இனிப் பெறுவான். பின்னதை அவனிடம் நான் கற்றேன்.