சாக்குருவி

எங்கள் லயத்தில் ஆந்தையை யாரும் ஆந்தை என்று சொல்லமாட்டார்கள். சாக்குருவிதான். ராத்திரியில் அது தகரக் கூரைக்கு மேலே கிரீச்சிட்டுப் போனால் பாட்டி எழுந்து அடுப்பில் உப்பு போட்டுவிட்டுத்தான் படுப்பார். மலாய்க்காரர்களுக்கும் அது ‘பூரோங் ஹந்து’, பேய்ப் பறவை. இந்த ஒரு விஷயத்தில் தோட்டமும் கம்பமும் ஒற்றுமை.

அதனால் நிர்வாகம் செம்பனைகளுக்கு நடுவே கம்பம் நட்டு, அதன் மேல் கூகைக்குப் பெட்டி வைத்தபோது பாட்டிக்கு ஆத்திரம். “நம்ம கூரை ஒழுகுது, சாக்குருவிக்கு வீடு கட்டுறானுங்க.” நியாயமான பேச்சுதான். ஆனால் நிர்வாகத்திடம் வேறு கணக்கு இருந்தது. ஒரு கூகை ஜோடி, குஞ்சுகளோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஆயிரம் எலிகளுக்கு மேல் தின்னும்.

கூகை மட்டும் போதாதென்று மருந்தும் வைத்தார்கள். வைத்தது அப்பா. தோளில் பையை மாட்டிக்கொண்டு மரத்துக்கு ஒரு நீல மெழுகுக் கட்டி. நாலு நாள் கழித்துப் போய், தின்றிருந்த இடத்திலெல்லாம் புதுசு.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு போயிருந்தேன். ஒரு பெட்டிக்குக் கீழே கூகை கிடந்தது. இதய வடிவ முகம் அப்படியே வெள்ளையாக இருந்தது. உடம்பில் காயமே இல்லை, அலகோரம் மட்டும் காய்ந்த ரத்தம். மேலே குஞ்சுகள் சீறிக்கொண்டிருந்தன. அப்பா குழி தோண்டிப் புதைத்துவிட்டு, “பாட்டிகிட்ட சொல்லாத” என்றார். அடுத்த சுற்றில் பெட்டியிலிருந்து சத்தம் வரவில்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் காரணத்தைப் படித்தேன். ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். உடம்பு ஒருமுறை பயன்படுத்திய வைட்டமினைத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும். மருந்து அந்த வேலையை நிறுத்திவிடுகிறது. கையிருப்புப் புரதம் தீரும்வரை எதுவும் தெரியாது. எலியும் உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலியைத்தானே கூகை முதலில் பிடிக்கும்? பழைய மருந்தான வார்ஃபரின் உடம்பிலிருந்து ஓரளவு சீக்கிரம் போய்விடும். பின்னால் வந்த புரோடிஃபாகம் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். எலி எலியாகச் சேர்ந்துகொண்டே போகும். அதற்குப் பிறகு சாதாரண உரசல்கூட உள்ளே ரத்தக் கசிவாகிவிடும். சாகாதவையும் தப்பிப்பதில்லை. மருந்து வைத்த தோட்டங்களில் குஞ்சுகளின் வளர்ச்சி குன்றுவதை இங்குள்ள ஆய்வாளர்களே அளந்து எழுதியிருக்கிறார்கள்.

போன வருஷம் அப்பாவுக்கு இதய வால்வு மாற்றினார்கள். இப்போது தினமும் வார்ஃபரின். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அடிக்கடி சோதிக்கிறார்கள், மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிறார்கள். முருங்கைக்கீரையைக்கூட அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். மாத்திரைப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது பழைய எலி மருந்துல இருந்ததுல்ல?” என்று கேட்டார்.

“அதேதான்பா. அளவுதான் வேற.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. முழங்கையில் ஊசி போட்ட இடத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.

“அது வலியோட எத்தன நாளு பறந்திருக்கும்?”

எதை என்று நான் கேட்கவில்லை. சில நாள் இருக்கும்பா என்றேன். பஞ்சை எடுத்துப் பார்த்தார். இன்னும் கசிந்தது. திரும்பவும் அழுத்திக்கொண்டார்.