காதில் விழாத பெயர்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நான் கொல்லிமலைக்கு ஆசிரியனாய்ச் சென்றது 2014ஆம் ஆண்டில். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அது. வருகைப் பதிவின்போது ஒரு சிறுமி மட்டும், பக்கத்துப் பிள்ளை இடித்தாலொழிய எழமாட்டாள். திமிர் என்றே எண்ணினேன். ஒருநாள் வகுப்பு முடியும்வரை நிற்கவும் வைத்தேன்.

அவ்வாண்டே நடமாடும் மருத்துவக் குழு வந்தது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி இக்குழுவினர் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையும், அங்கன்வாடிக் குழந்தைகளை இருமுறையும் சோதிக்க வேண்டும். பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடுவது அவர்தம் பணி. எடை, உயரம், கண், பல், வெளுத்த இமையின் உட்புறம் என்று வரிசை நகர்ந்தது. அச்சிறுமியின் செவியில் விளக்கைப் பிடித்துப் பார்த்த மருத்துவர் அம்மையார் என்னை நோக்கினார். இரு செவிகளிலும் சீழ், செவிப்பறையில் துளை. கவனிப்பாரின்றி விட்ட சளித்தொல்லை அங்கே குடிகொண்டிருந்தது.

"இந்தப் பிள்ளைக்குக் காது சரியாக் கேக்காதே, உங்களுக்குத் தெரியாதா சார்?"

என்ன விடை சொல்வேன்? நாள்தோறும் அவள்முன் நின்றவன் நான். அவர் கண்டதோ இரண்டே நிமிடத்தில்.

நம் நாட்டில் பள்ளி மருத்துவச் சோதனை 1909இல் பரோடாவில் தொடங்கிற்று. 1946இல் போர் குழு, அத்தகைய சேவை ஏறத்தாழ இல்லையென்றே எழுதியது. இன்று சோதனை மலையேறி வந்துவிடுகிறது. சிகிச்சைக்கோ பிள்ளைதான் மலையிறங்க வேண்டும். மேல்சிகிச்சைச் சீட்டை வாங்கிய தாய் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "மிளகு பறிப்பு முடியட்டும் சார்" என்றார். அவரை நான் குறைகூறேன். ஒருநாள் இறங்கினால் ஒருநாள் கூலி போயிற்று.

விடுமுறையில் ஊர் சென்று அத்தாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "பெத்தவங்க ஒன்னை நம்பித்தானே விட்டிருக்காங்க தம்பி? அமானத்து இல்லையா அது?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை தாயும் மகளும் நானும் முதற் பேருந்தில் இறங்கினோம். இருபதாம் வளைவுக்குள் சிறுமி இருமுறை வாந்தியெடுத்தாள். அரசு மருத்துவமனையில் செவியைத் துடைத்துச் சொட்டு மருந்து தந்தனர். குளிக்கையில் நீர் புகாதிருக்கப் பஞ்சு வைக்கச் சொன்னார்கள். சீழ் உலர மாதங்கள் சென்றன. பின்னர் துளையை அடைக்க அறுவைச் சிகிச்சையும் நடந்தது. செலவு ஏதுமில்லை. ஆயின் ஒவ்வொரு முறையும் அதே எழுபது வளைவுகள்.

மறு ஜூனில் அவளை முதல் வரிசையில் அமர்த்திப் பெயரை அழைத்தேன். பழக்கத்தால் உரக்கவே அழைத்துவிட்டேன் போலும்.

"கேக்குது சார்" என்று எழுந்தாள்.