கால் யாருதுன்னு பாருங்க பாஸ்!

கார் பைத்தியங்கள்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க. டர்போ, எக்ஸாஸ்ட், அலாய் வீல்னு மூச்சு விடாம அடுக்குவாங்க. கிளட்ச்? ‘அது உள்ளே எங்கேயோ இருக்கும் மச்சி’ என்பதோடு சரி. ஆனால், என்ஜின் போடுகிற ஆட்டம் சக்கரத்துக்குப் போய்ச் சேருமா, பாதி வழியிலேயே புகையாகுமா என்று முடிவு பண்ணுவது டிபன் தட்டு சைஸில் இருக்கிற கிளட்ச் பிளேட்தான்!

நான் கோவையில் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். என் பெரியம்மா பையன் வைத்திருப்பது போலோ 1.0 டி.எஸ்.ஐ. மேனுவல். 2020ல் வந்து, 2022ல் இந்தியாவை விட்டு விடைபெற்ற மாடல். குட்டி மூணு சிலிண்டர் என்ஜின். ஆனா, 175 நியூட்டன் மீட்டர் டார்க். அண்ணனுக்கு அதுவும் பத்தலை. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கு ‘டிராக் டே’ போகிற ஆசாமியாச்சே! என்ஜின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றி (இதுதான் ‘ரீமேப்’) டார்க்கை 230க்கு ஏற்றிவிட்டார்.

கொஞ்ச நாள்தான். நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சா, ஆர்.பி.எம். முள் ஜிவ்வுனு ஏறுது. ஸ்பீடு முள் மட்டும் அரசு ஃபைல் மாதிரி நகருது. கூடவே கருகின வாசனை. கிளட்ச் வழுக்குது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

‘‘ஸ்டேஜ்-3 செராமிக் போட்டுடலாம்டா’’ என்றார் அண்ணன். நான் நோட்டை எடுத்தேன். இந்த ‘ஸ்டேஜ்’ என்பதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ்-2, இன்னொரு கம்பெனியில் ஸ்டேஜ்-1 ஆக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும்?’ என்பதுதான்.

அதுக்கு நம்ம சிலபஸ் ஃபார்முலாவே போதும். உராய்வுக் குணகம் x அழுத்தும் விசை x சராசரி ஆரம் x உராயும் பக்கங்கள். உதாரணத்துக்கு, வெளிவிட்டம் 200 மி.மீ., உள்விட்டம் 140 மி.மீ. உள்ள பிளேட், சராசரி ஆரம் 85 மி.மீ. அழுத்தம் 4,500 நியூட்டன், குணகம் 0.3, பக்கம் ரெண்டு. பெருக்கினா சுமார் 230. அப்ப சரியாத்தானே இருக்கு? அங்கதான் ட்விஸ்ட்! பிளேட் சூடாகி குணகம் 0.25க்கு இறங்கினா, கணக்கு 191க்கு விழுந்துடும். வழுக்காம என்ன செய்யும்?

வழி ரெண்டு. பிளேட்டை செராமிக்கா மாத்தி உராய்வைக் கூட்டலாம். குணகம் 0.4 என்றால் 306 வரை தாங்கும். இல்லேன்னா, வழக்கமான ஆர்கானிக் பிளேட்டையே வச்சுக்கிட்டு, 25 சதவிகிதம் கூடுதலா அழுத்தும் ‘பிரஷர் பிளேட்’ போடலாம். சூட்டிலும் 239 தாங்கும். பெடல் கொஞ்சம் கனக்கும். பேப்பரில் செராமிக்தான் ஹீரோ.

ஆனா, அந்த வண்டியை தினமும் ஓட்டுறது யாரு? பெரியம்மா! பள்ளிக்கூட டீச்சர். போக வர 24 கிலோ மீட்டர். இடது முழங்காலில் தேய்மானம் வேற. செராமிக்கோட கெட்டியான பிரஷர் பிளேட்டும் போட்டிருந்த அண்ணனோட நண்பர் காரை ஒருநாள் அவங்களை ஓட்ட வெச்சோம். காந்திபுரம் சிக்னல் தாண்டறதுக்குள்ள நாலு குலுக்கல். செராமிக், ‘பிடி’ன்னா பிடிக்கும், ‘மெதுவா’ங்கற பேச்சே அதுக்குத் தெரியாது. இறங்கினவங்க, ‘‘ஏங்கண்ணு, இது காரா, கெடையில கட்டாத காளையா?’’ன்னாங்க. சிரிச்சோம். ஆனா, அவங்க முழங்காலைத் தடவிக்கிட்டே நடந்ததைப் பார்த்ததும் அண்ணன் முகம் மாறிடுச்சு.

இன்னொரு விஷயமும் இருக்கு. கிளட்ச் என்பது வீட்டு ஃபியூஸ் மாதிரி. அது கொஞ்சம் விட்டுக் கொடுக்கறதாலதான் கியர்பாக்ஸ் தப்பிக்குது. வழுக்கவே வழுக்காத கிளட்ச் போட்டா, அடுத்த அடி கியர் பல்லுக்கும் ஆக்ஸிலுக்கும்தான்.

கடைசியில் ஆர்கானிக் பிளேட் ஜெயிச்சது. 239க்கும் 230க்கும் நடுவுல இடைவெளி கம்மியாச்சேன்னு, ரீமேப்பையும் 210க்கு இறக்கச் சொன்னார் அண்ணன். நான் கேட்கலை, பெரியம்மாவும் கேட்கலை. அவரா சொன்னார்!

புது கிளட்ச் பிளேட் பதமாகணும்னா, முதல் 800 கிலோ மீட்டருக்கு டவுனுக்குள்ள கியர் மாத்தி மாத்தி நிதானமா ஓட்டணும். ரேஸ் ஓட்டற கைக்கு அந்தப் பொறுமை ஏது? ஒரு மாசத்துக்கு மேல ஸ்கூலுக்குப் போய் வந்து அதைப் பதமாக்கிக் கொடுத்தது பெரியம்மாதான்.

ஸோ ஃப்ரெண்ட்ஸ், உங்க வண்டிக்கு பார்ட்ஸ் தேடறப்ப நியூட்டன் மீட்டரைப் பாருங்க, விலையைப் பாருங்க. அதுக்கு முன்னாடி, அந்த பெடலை தினமும் மிதிக்கப் போற கால் யாருதுன்னு பாருங்க!