அடித்த இடத்திலேயே சத்தம்

"தம்பி, அடிச்ச இடத்துல சத்தம் இல்ல. கொஞ்சம் தள்ளி நிக்குது."

மிருதங்க வித்வான் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னபோது, என் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாலிகிராமத்தில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஸ்டுடியோ. 2012ஆம் வருடம். மைக்கையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ், 48 கிலோஹெர்ட்ஸ், கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபர் 256 சாம்பிள். அதற்குக் கீழே இறக்கினால் நாற்பது டிராக் ஓடும்போது சத்தம் பொரிந்து உடையும்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 256 சாம்பிள் என்பது 5.3 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை; பத்தரைக்கு மேல். சத்தம் காற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் அவர் தன் மிருதங்கத்தை மூன்றரை மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்டிருக்கிறார். மேடையில் நாலடி தள்ளி இருக்கும் வயலினைக் கேட்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் மிருதங்கம் அவர் மடியில் இருக்கிறது. தோலின் அதிர்வு கை வழியாகவும், ஹெட்ஃபோனின் இடுக்கு வழியாகவும் முதலில் வந்துவிடுகிறது. பிறகு அதே அடி ஹெட்ஃபோனில் இன்னொரு முறை வருகிறது. பாடுகிறவர் பாடு இன்னும் மோசம். தன் குரல் மண்டை எலும்பு வழியாக உடனே கேட்கும். தாமதித்து வரும் குரல் அதோடு மோதிச் சில அதிர்வெண்களை அழித்துவிடும். குழாய்க்குள் பாடுவதுபோல் இருக்கும். தன்னை அறியாமல் சத்தத்தைக் கூட்டுவார், சுருதி நெளியும். எத்தனையோ பேரிடம் அதைக் களைப்பு என்று நினைத்து டீ வரவழைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கணினிக்குள் போகாமல் இன்டர்ஃபேசிலேயே குரலைத் திருப்பிக் கேட்கும் வழி அப்போதே உண்டு. அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதைத்தான் கொடுத்தேன். ஆனால் கீபோர்டு கலைஞருக்கு அது உதவாது. அவர் வாசிக்கும் வயலின் கூட்டம் கணினிக்குள்தான் பிறக்கிறது. கிட்டாரிஸ்டின் ஆம்ப்பும் அப்படியே.

இன்டெல்லும் ஆப்பிளும் சேர்ந்து கொண்டுவந்த தண்டர்போல்ட் 2011 பிப்ரவரியில் மேக்புக் ப்ரோவில் வந்திருந்தது. ஒரு தடத்தில் நொடிக்கு 10 கிகாபிட் என்றார்கள். ஊரெல்லாம் அந்த வேகத்தைப் பற்றியே பேச்சு. எங்கள் தொழிலுக்கு அந்த அகலம் தேவையே இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக்குக்கு நொடிக்கு 1.15 மெகாபிட் போதும். முப்பத்திரண்டு டிராக் சேர்ந்தாலும் 37தான். பழைய ஃபயர்வயரே 400 தாங்கும். எனக்கு வேண்டியிருந்தது பாதையின் அகலம் அல்ல, நேர்வழி. தண்டர்போல்ட் கேபிளுக்குள் ஓடுவது பிசிஐ எக்ஸ்பிரஸ். அதாவது கணினியின் பலகையில் கார்டு செருகும் அதே பாதை. மேசைமேல் இருக்கும் பெட்டியைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் கார்டு என்றே கணினி எடுத்துக்கொள்ளும். இடையில் காத்திருக்கும் இடங்கள் குறைவு, அதனால் பஃபரை நம்பி இறக்கலாம்.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு தவறுக்குப் பிறகு. 2012 கடைசியில் வந்த ஐமேக்கில் ஃபயர்வயர் துளையே இல்லை. அதை வாங்கி, ஒரு அடாப்டர் போட்டுப் பழைய இன்டர்ஃபேசையே மாட்டி, புதிய காலத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்து அளந்தேன். வெளியே போகும் க்ளிக்கை ஒரு கேபிளால் உள்ளே திருப்பி, மென்பொருளின் தாமத ஈடுகட்டலை அணைத்துவிட்டுப் பதிந்து, இரண்டு க்ளிக்குக்கும் நடுவே சாம்பிள்களை எண்ணினேன். அதே தாமதம். செருகும் முனைதான் மாறியிருந்தது. நேரடியாகத் தண்டர்போல்ட் பேசும் இன்டர்ஃபேஸ் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

உடனே மாற்றவில்லை. கையில் இருந்த ஆல்பத்தைப் பழைய கருவியிலேயே முடித்தேன். பாதி வேலையில் இன்டர்ஃபேசை மாற்றினால் ஒலியும் மாறும், அளவுகளும் மாறும். இதில் நான் பிடிவாதக்காரன். 2014இல் புதிய பெட்டி வந்தது. பஃபரை 64இல் வைத்தேன். ஒரு வழிக்கு 1.3 மில்லிசெகண்ட். டிராக்குகள் ஓடின, பொரியவில்லை. கீபோர்டு கலைஞர் இரண்டு வரி வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் போதும்.

ஆனால் அந்த வருடமே ஒரு தோடி ஆலாபனையை இழந்தேன். தண்டர்போல்ட்டின் அந்த முனையில் கொக்கி கிடையாது. உராய்வில் மட்டுமே நிற்கிறது. இன்டர்ஃபேசுக்கு அடுத்து, அதே சங்கிலியில் பதிவு டிஸ்க்கை மாட்டியிருந்தேன். யாரோ மேசையை நகர்த்தியதில் கேபிள் அரை விரற்கடை நழுவியது. டிஸ்க் காணாமல் போனது. கோப்பு மூடப்படாமலே கெட்டது. பாடகர் கோபிக்கவில்லை, மறுபடி பாடினார். நன்றாகத்தான் பாடினார், ஆனால் அது வேறு தோடி. முதலில் வந்தது எங்கே போய் வரும்? அன்றிலிருந்து இன்டர்ஃபேசுக்கு ஒரு துளை, டிஸ்க்குக்குத் தனியாக ஒரு துளை. கேபிளை ரேக்கின் பின்கம்பியில் நாடாவால் கட்டிவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறேன்.

பிறகு தண்டர்போல்ட் 3, யூஎஸ்பி சி முனையோடு வந்தது. பார்க்க ஒரேபோல் இருக்கும் கேபிள்களில் எது எது என்று தெரிய, மின்னல் குறி உள்ளவற்றில் சிவப்பு டேப் சுற்றிவைத்திருக்கிறேன். வேறு பெரிய மாற்றம் ஒன்றும் எனக்கு இல்லை.

அதே வித்வான் 2015இல் திரும்ப வந்தார். எதையும் சொல்லாமல் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். தொப்பியைத் தட்டி, வலந்தலையில் இரண்டு சொல் வாசித்து, சட்டென்று கோர்வைக்குப் போய்விட்டார். முதல் டேக் முடிந்தும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "தம்புராவை மட்டும் கொஞ்சம் ஏத்துங்க தம்பி" என்றார்.