பேக்கப் எடுத்தாச்சு... திரும்ப வருமா?

கைப்பேசிக்கு ஒரு பேக்கப் மென்பொருள் செய்யக் கிளம்பும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் வரைவது திரையின் நடுவில் ஒரு பெரிய பச்சைப் பொத்தானைத்தான். அழுத்தினால் ஒரு வட்டம் சுற்றும், 100 சதவீதம் வரும், டிக் விழும். அவ்வளவுதான். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் மார்க்கும் விழுந்துவிடும் :-)

ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தும் நாள் பயனருக்கு ஒரு பொருட்டே இல்லை. போன் பஸ்ஸில் தொலைந்துபோய், கடனோ உடனோ வாங்கி ஒரு புதுப் போனோடு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த நாள்தான் முக்கியம். கை பதறும். கடவுச்சொல் மறந்திருக்கும். பக்கத்தில் நின்று நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். அந்த நாளுக்கான திரையை முதலில் வரைபவர்கள் மிகக் குறைவு.

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போன்களுக்கு கூகுள் டிரைவ் பேக்கப் 2015-ல் வந்தது. புதுப் போனில் நிறுவி, எண்ணை உறுதி செய்ததும் பழைய பேக்கப் இருக்கிறது, மீட்கலாமா என்று கேட்கும். அதே எண், அதே கூகுள் கணக்கு இருந்தால்தான் இந்தக் கேள்வியே வரும். அவசரத்தில் தவிர்த்துவிட்டால்? காலியான வாட்ஸ்அப் திறக்கும். அப்புறம் செட்டிங்ஸில் போய்த் தேடினால் பேக்கப் எடுக்க வழி இருக்கும், திரும்பக் கொண்டுவர வழி இருக்காது. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்பதுதான் சொல்லப்பட்ட வழி. இதைத் தெரிந்துகொள்ளும் முன்பே அதே கணக்கில் புதிதாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டால் அது பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும்.

அப்பா இறந்துபோன ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் அம்மாவின் போனில் மட்டும்தான் இருக்கின்றன. "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்கும் 10 நொடிக் குரல்கள். அந்த அம்மாவுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் இருப்பது, எதற்கென்று புரியாமல் அவர் தொட்டுவிடக்கூடிய ஒரே ஒரு சொல். இந்த இடத்தில் தவிர்க்கும் பொத்தானைச் சின்னதாகப் போட்டால் மட்டும் போதாது. "இப்போது வேண்டாம், பிறகு கேள்" என்று அதன் பொருளையே மாற்ற வேண்டும். அந்தப் 'பிறகு' நிஜமாகவே வர வேண்டும். பழைய பேக்கப்பைவிடப் புதியது மிகச் சிறியதாக இருந்தால் மேலே எழுதுவதற்கு முன் மென்பொருள் நின்று கேட்க வேண்டும். இதற்குப் பெரிய அல்காரிதம் ஒன்றும் தேவையில்லை, இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும்.

பேக்கப் ஓடுகிறதா இல்லையா என்பது தெரியாமலே இருப்பது இன்னொரு தலைவலி. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியை யாரோ கொடுத்த ஒரு கட்டளை அழித்துவிட்டது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாக வேலை செய்திருக்கவில்லை! குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. அத்தனை பெரிய ஸ்டூடியோவுக்கே அந்த கதி. யாக்கோப் நீல்சன் 1994-ல் தந்த பத்து இடைமுக விதிகளில் முதலாவதே, கணினி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது பயனருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான்.

தெரிவிப்பதிலும் வகை உண்டு. "பேக்கப் தோல்வி, பிழை எண் இன்னது" என்று காட்டுவது ஒருவகை. பல வாரமாகப் பேக்கப் ஆகாத ஐபோன், இத்தனை வாரமாக ஆகவில்லை, சார்ஜில் போட்டு, பூட்டி, வைஃபையில் இணைத்திருந்தால்தான் ஆகும் என்று சொல்வது இன்னொரு வகை. இரண்டாவது எவ்வளவோ தேவலை. ஆனால் வாரக்கணக்கில் காத்திருந்தா சொல்வது?

சதவீதத்தைவிட நல்ல வழி படத்தையே காட்டுவது. "கடைசியாகச் சேமித்தது இது, நேற்று இரவு 9:40" என்று ஒரு சின்னப் படம். பேத்தி பிறந்தநாள் போட்டோ அங்கே தெரிந்தால் பாட்டிக்கும் புரியும். 2.3 ஜிபி என்றால் யாருக்குப் புரியும்? ஆப்பிள் 2007-ல் மேக் கணினிகளுக்குக் கொண்டுவந்த 'டைம் மெஷின்' இதை அழகாகச் செய்தது. புது டிஸ்க்கைச் செருகினால் பேக்கப்புக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்கும். கோப்பு தொலைந்தால் அதே ஃபோல்டர் ஜன்னல் ஒன்றன்பின் ஒன்றாகக் காலத்தில் பின்னோக்கி அடுக்கி நிற்கும். பின்னணியில் நட்சத்திரக் கூட்டம் கொஞ்சம் ஓவர்தான், ஆனால் திரும்ப எடுப்பது எப்படி என்று யாரும் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை.

சொற்களும் காலை வாரும். தமிழ் இடைமுகங்களில் ரீசெட்டுக்கு 'மீட்டமை' என்றும் ரீஸ்டோருக்கு 'மீட்டெடு' என்றும் வருவதுண்டு. ஒன்று எல்லாவற்றையும் துடைத்துவிடும், மற்றொன்று எல்லாவற்றையும் திருப்பித் தரும். வித்தியாசம் ஓரிரு எழுத்துதான்! "எல்லாவற்றையும் அழி", "பழையதைத் திரும்பக் கொண்டு வா" என்று நீளமாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? பொத்தான் கொஞ்சம் அகலமாகும், அவ்வளவுதானே.

இதே குழப்பம் படங்களை அழிக்கும்போதும் உண்டு. கூகுள் போட்டோஸில் 'இடத்தைக் காலி செய்' வசதி போனில் உள்ள பிரதியை மட்டும் நீக்கும், மேகத்தில் படம் இருக்கும். சாதாரணமாக அழித்தால் இரண்டு இடத்திலும் போகும். ஐகிளவுட் போட்டோஸிலும் ஒரு கருவியில் அழித்தது எல்லாக் கருவிகளிலும் அழியும். அது பேக்கப் அல்ல, ஒத்திசைவு. குப்பைத்தொட்டியில் சில வாரங்கள் கிடக்கும் என்பது ஒரு ஆறுதல். அழிக்கும் திரையில் ஒரு போனும் ஒரு மேகமும் வரைந்து, எதிலிருந்து போகிறதோ அதன் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டினால் பத்தி பத்தியாக எச்சரிக்கை எழுத வேண்டாம்.

பாதுகாப்புதான் மிகவும் சிக்கலான இடம். 2021-ல் வாட்ஸ்அப் பேக்கப்பை முழுமையாக மறைகுறியாக்கும் வசதி வந்தது. கடவுச்சொல் வைக்கலாம், இல்லையென்றால் 64 இலக்கச் சாவி. சாவி தொலைந்தால் வாட்ஸ்அப் நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாது. 2025-ல் விரல்ரேகை, முகம் வைத்துத் திறக்கும் பாஸ்கீ முறையையும் சேர்த்தார்கள். அந்த 64 இலக்கச் சாவியைக் காட்டும் திரை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறது. மனுஷன் என்ன செய்வான்? ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுப்பான். அது போய் உட்காரும் இடம், நாளைக்குத் தொலையப் போகும் அதே போனின் கேலரி.