பலூனுக்குள் அடங்காத பேச்சு

ஞாயிறு, மதியம்

பரணில் கிடந்த மாமாவின் டிரங்குப் பெட்டியை இன்று இறக்கினேன். மேலாக இரண்டு பழைய வேட்டி. அடியில் முழுக்க முத்து காமிக்ஸ். அம்மா அடுப்படியிலிருந்தே, "சாப்பிட்டுட்டுத் தொறடி" என்றாள். அந்தப் பெட்டியைத் திறந்தால் மதியச் சாப்பாடு சாயங்காலம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கைக்கு முதலில் அகப்பட்டது இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் இதழே அவர் கதைதான். மாமா இன்றைக்கும் அவரை நம்ம சிவகாசிக்காரர் என்றுதான் சொல்வார். பிறந்தது என்னவோ இங்கிலாந்தில், 1962-இல், வேலியண்ட் என்ற வார இதழில். வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர்.

இத்தனை தடவை படித்த கதையில் இன்றைக்குப் புதிதாக ஒன்று பிடிபட்டது. மாயாவிக்கு மறையும் சக்தி சும்மா வருவதில்லை, கரண்டில் கையை வைக்க வேண்டும். ஷாக் அடித்தால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கொஞ்ச நேரம் போனால் உடம்பு தெரிய ஆரம்பித்துவிடும், திரும்ப ஒரு ஒயரையோ பிளக்கையோ தேட வேண்டும். பாதிப் பரபரப்பு அந்தத் தேடலில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் பவர்கட் உச்சத்தில் இருந்த காலத்தில் மனிதர் கோவில்பட்டிக்கு வந்திருந்தால் ஒரு கேஸும் துலங்கியிருக்காது.

நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையில் வரும் பாட்டிக்கு எல்லாமே முடிகிறது. யாரிடமும் எதற்கும் போய் நிற்க வேண்டியதில்லை. கதை நகராமல் படுத்துக் கிடப்பது அதனால்தானோ என்னவோ. அவளுக்கும் ஒரு பிளக் பாயிண்ட் தேவைப்பட வேண்டும்.

செவ்வாய், இரவு

மெடிக்கலில் இன்று நல்ல கூட்டம். அண்ணாச்சி கல்லாவில், நான் கவுண்டரில். பக்கத்துத் தெரு பாட்டி ஒருத்தி வந்து, "அந்த மஞ்ச மாத்திரை ரெண்டு குடு தாயி" என்றாள்.

"எதுக்கு பாட்டி?"

"ஒறக்கத்துக்கு."

"டாக்டர் சீட்டு இல்லாம அதைத் தரக்கூடாது பாட்டி."

"சீட்டு எழுதுனவரே ஒறங்கிப் போயிட்டாரு. போன மாசம்தான் பதினாறு கும்பிட்டாக."

அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினார். நான் பில் பேப்பரின் பின்பக்கத்தில் ஒரு பலூன் வரைந்தேன். காமிக்ஸில் ஆட்கள் பேசுவதை அடைத்து வைக்கும் முட்டை வடிவக் கூடு. கதையில் யாராவது பேசினால், அந்தப் பேச்சு ஒரு சின்ன பலூனுக்குள் அடங்குகிறதா என்று எழுதிப் பார்ப்பது என் வழக்கம். பாட்டியின் பேச்சு கச்சிதமாக அடங்கியது. என் கதையில் நான் எழுதி வைத்திருந்த வசனம் கட்டத்தை மீறி, ஆளின் முகத்தையே மூடிவிட்டது.

மாமாவின் காமிக்ஸ்களிலிருந்து எடுத்துக்கொண்ட கணக்கு இது. பலூனின் அளவைத் தீர்மானித்தவர் எங்கோ லண்டனிலோ மிலானிலோ இருக்கிறார். சிவகாசியில் தமிழ் எழுதுகிறவர் அந்தக் கூட்டுக்குள்தான் பிழைத்தாக வேண்டும். நாம் பேசுவதோ நீட்டி முழக்கி. அதனால் அவர் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகும் அது ஆள் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். எந்த எழுத்துப் பட்டறையிலும் இதைவிடக் கறாரான வாத்தியார் கிடைக்கமாட்டார்.

வியாழன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் நூலகம் போய் கு. அழகிரிசாமி தொகுப்பை எடுத்து வந்தேன். கோவில்பட்டிக்காரிக்கு இது ஊர்ப்பெருமை விஷயம். இங்கிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கும் இடைசெவலில் அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே வருஷம், 1923-இல் பிறந்தார்கள். ஒரே கிராமத்துச் சிநேகிதர்கள் இரண்டு பேருக்கும் சாகித்திய அகாதமி விருது. அழகிரிசாமிக்கு அவர் காலமான பிறகு, 1970-இல், 'அன்பளிப்பு' தொகுப்புக்கு. கி.ரா.வுக்கு 1991-இல், 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு.

'அன்பளிப்பு' கதையை மறுபடி படித்தேன். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார். ஞாயிறானால் அவர் வீட்டில் பிள்ளைகள் படை. புத்தகத்துக்காக அவர்கள் அடிக்கும் லூட்டியைப் படிக்கும்போது டிரங்குப் பெட்டியைச் சுற்றி நானும் தம்பியும் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. புதுவருஷத்துக்கு அவர் இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, உப்புமா கொடுத்து, கடைசியில் தன் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான்.

அவ்வளவுதான் கதை. சாரங்கன் மனசில் என்ன இருந்தது என்று அழகிரிசாமி விளக்கவே இல்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பேன். அவர் பலூன் அளவுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

சனி, இரவு

கூரியரில் டெக்ஸ் வில்லர் வந்துவிட்டார். 1948-இல் இத்தாலியில் பொனெல்லி எழுதி, கலெப்பினி வரைந்து தொடங்கிய கௌபாய்க் கதை நாயகர். அங்கே இன்னும் புதுக் கதைகள் வருகின்றன. இங்கே சந்தா கட்டிக் காத்திருக்கிற கூட்டத்தில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். மாமா போனில், "வந்துருச்சா? முடிவைச் சொல்லிராத" என்றார். அவருக்கு நாளைதான் கிடைக்குமாம்.

கடை மூடி வந்து, முதல் சுற்றில் படம் மட்டும் பார்த்தேன். ஒரு கட்டத்தில் துப்பாக்கி உயர்கிறது. அடுத்த கட்டத்தில் தொப்பி மணலில் கிடக்கிறது. குண்டு பாய்ந்ததை யாரும் வரையவில்லை, ஆனாலும் நான் பார்த்தேன். ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் காமிக்ஸ் பற்றி காமிக்ஸாகவே ஒரு புத்தகம் போட்டார். அதில் இதைத்தான் சொல்கிறார்: இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் கொலை நடக்கிறது, செய்வது வாசகர். சாரங்கன் விஷயத்தில் அழகிரிசாமி என்னிடம் விட்டுவைத்ததும் அந்த வெற்றிடம்தான். கௌபாய் கதையையும் அகாதமிக் கதையையும் ஒரே மூச்சில் பேசுகிறாளே என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எனக்கு இரண்டும் ஒரே அலமாரி.

இரண்டாவது சுற்றில் வசனத்தோடு படித்தேன். மணி ஒன்றரை. எழுதுவதற்காகப் படிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்வது பாதிப் பொய். பிடித்திருக்கிறது, படிக்கிறேன்.

ஞாயிறு, மாலை

ஊரில் ஒரு இலக்கியக் கூட்டம். முடிந்ததும் டீக்கடையில் பெரியவர் ஒருவர் என் பையில் எட்டிப்பார்த்த காமிக்ஸ் அட்டையைக் கவனித்துவிட்டு, "எழுதணும்னு ஆசைப்படுற பிள்ளை இதையெல்லாம் விட்டுரணும்மா" என்றார். மரியாதைக்காகத் தலையாட்டினேன். ஆனால் அவர் சொன்னது சரியில்லை. அவரே பத்து நிமிஷம் முன்னால் அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன் படத்தைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம்: தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் சுடுகாடு. 1947-இல் தொடங்கிய பத்திரிகை. அதில் வேதாளம் மாதாமாதம் மரம் ஏறியிருக்காவிட்டால் அவர் தலைமுறையில் பலர் புத்தகம் பக்கம் வந்தே இருக்க மாட்டார்கள். அவர் படித்தது சித்திரம், நான் படிப்பது குப்பையா?

திரும்பும் வழியில் பழைய பேப்பர் கடையில் தராசுத் தட்டைப் பார்த்தேன். நோட்டு, கைடு, அட்டை கிழிந்த கோகுலம், இரண்டு ராணி காமிக்ஸ், எல்லாம் ஒரே எடை. கோகுலத்தையும் ராணி காமிக்ஸையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் அதற்கும் எடை போட்டுத்தான் காசு வாங்கினார்.

வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று காமிக்ஸையும் சிறுவர் பத்திரிகைகளையும் எடைக்குப் போட எடுத்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கடைக்குத் தூக்கிப் போகும் முன்னால் தெருவில் விளையாடும் பிள்ளைகளிடம் ஒரு தடவை அந்தக் கட்டைக் காட்டுங்கள். மிச்சம் இருந்தால் எடைக்குப் போடுங்கள்.